லியோன்: ரெண்டு மலை, ஆறு மணி நேரம், ஆறு பாடம்

மாஸ்டர்ஸ், இன்டர்ன்ஷிப், கான்ஃபரன்ஸ்னு ஐரோப்பா போற சீனியர்ஸ் பெரும்பாலும் பாரிஸ்ல இறங்கி, ஈஃபில் கோபுரத்துக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துட்டு அடுத்த ட்ரெயின் ஏறிடுறாங்க. தப்பில்ல. ஆனா பாரிஸிலிருந்து டி.ஜி.வி. ரயிலில் தெற்கே ரெண்டு மணி நேரம் போனா லியோன் வரும். 1981-ல் டி.ஜி.வி. சேவை முதன்முதலா ஓடினதே இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுலதான். இத்தாலி, சுவிட்சர்லாந்து, மார்செய் பக்கம் போறவங்க பலர் இங்கே ட்ரெயின் மாறுவாங்க. அப்படி ஒரு ஆறு மணி நேர இடைவெளி கிடைச்சா ஸ்டேஷன்ல உக்காந்து ரீல்ஸ் பார்க்காதீங்க. பையை லாக்கர்ல போட்டுட்டு வெளிய வாங்க.

ஏன் லியோன்? அந்த ஊர் மலை மேல இருக்கு. சமவெளியில இருக்கிற ஊருக்கு வராத பிரச்சினை எல்லாம் மலை ஊருக்கு வரும். தண்ணி மேல ஏறணும், ஆள் மேல ஏறணும், சரக்கு கீழ இறங்கணும், மண் சரியாம நிக்கணும். லியோன் இந்த நாலையும் 2000 வருஷமா ஏதாவது ஒரு வழியில சமாளிச்சிருக்கு, சில தடவை தோத்தும் போயிருக்கு. நாம செமஸ்டர் செமஸ்டரா படிச்ச சமன்பாடுகள் அங்கே படிக்கட்டாவும் குழாயாவும் கயிறாவும் கிடக்கு. இந்தக் கட்டுரை ஒரு நடை வழிகாட்டி, கூடவே ஆறு சின்னப் பாடம். சிவில், மெக், சி.எஸ். எல்லாருக்கும் பங்கு உண்டு.

பாடம் 1: மேப் காட்டாத உயரம்

முதல்ல ஊரோட வடிவம். வடக்கிலிருந்து சோன் ஆறு வருது, அமைதியா, மெதுவா. கிழக்கிலிருந்து ஆல்ப்ஸ் தண்ணியோட ரோன் ஆறு வருது, குளிரா, வேகமா. ரெண்டும் ஊரோட தெற்கு முனையில சேருது. நடுவுல ஒரு நீளமான நிலத்துண்டு. அதுதான் இன்றைய கடைவீதிப் பகுதி. சோனுக்கு மேற்கே ஃபூர்வியேர் மலை. ரெண்டு ஆத்துக்கும் நடுவுல, வடக்கே க்ருவா-ரூஸ் மலை. ஃபூர்வியேர் உச்சியில பெரிய பேராலயம். க்ருவா-ரூஸில் நெசவாளர் வீடுகள். அதனால ஊர்க்காரங்க முதல் மலையை 'ஜெபிக்கும் மலை'ன்னும் ரெண்டாவதை 'உழைக்கும் மலை'ன்னும் சொல்வாங்க.

போன் மேப்பைப் பார்த்தா ஆத்தங்கரையிலிருந்து பேராலயம் ரொம்பப் பக்கம்னு தோணும். நேர்கோட்டுல பார்த்தா சில நூறு மீட்டர்தான். ஆனா ஏற வேண்டிய உயரம் சுமார் 120 மீட்டர். ஒரு மாடிக்கு 3 மீட்டர்னு போட்டா 40 மாடி. லிஃப்ட் ரிப்பேரான நாள்ல ஹாஸ்டல் நாலாவது மாடிக்கு ஏறினது ஞாபகம் இருக்கா? அது மாதிரி பத்து தடவை.

இதுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. 1892-ல் நைஸ்மித் என்கிற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதி: சமதரையில மணிக்கு 5 கி.மீ. நடப்பீங்கன்னு வைங்க. அது போக ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கங்க. நம்ம வழி சுத்தி வளைச்சு சுமார் 7 கி.மீ.ன்னு எடுத்துக்கலாம். அதுக்கு 84 நிமிஷம். ஏற்றம் ஃபூர்வியேருக்கு 120, க்ருவா-ரூஸுக்கு சுமார் 80, ஆக 200 மீட்டர். அதுக்கு 20 நிமிஷம். மொத்தம் ஒண்ணே முக்கால் மணி நேரம். நின்னு பார்க்க, மூச்சு வாங்க, சாப்பிட மூணு மணி நேரம். ஸ்டேஷனுக்குப் போய் வர ஒரு மணி நேரம். ஆறு மணிக்குள்ள அடங்கிடும், கையில் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். அந்த மிச்சத்தைத் தொடாதீங்க. ட்ரெயின் உங்களுக்காக நிக்காது.

வழி இதுதான்: பார்-தியூ ஸ்டேஷன்ல மெட்ரோ பி லைன் பிடிச்சு, சாக்ஸ்-காம்பெத்தாவில் டி லைனுக்கு மாறி, வியூ லியோன்ல இறங்குங்க. அங்கிருந்து நடை.

பாடம் 2: வீட்டுக்குள்ள போற தெரு

வியூ லியோன்னா பழைய லியோன். மலைக்கும் சோன் ஆத்துக்கும் நடுவுல நசுங்கிக் கிடக்கிற ஒரு பகுதி. பெரும்பாலும் 15, 16-ம் நூற்றாண்டு வீடுகள். இடம் குறுகல்ங்கறதால முக்கியத் தெருக்கள் எல்லாம் ஆத்துக்கு இணையா ஓடுது. குறுக்குத் தெரு ரொம்பக் கம்மி. ஒரு தெருவிலிருந்து பக்கத்துத் தெருவுக்குப் போகணும்னா கோடி வரைக்கும் போய்த் திரும்பி வரணும். இதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி, வீட்டுக்குள்ளயே நடைபாதை போடறது. இதுக்குப் பேர் ட்ராபூல். குறுக்கே நடந்து போறதுன்னு அர்த்தம் வர்ற லத்தீன் வார்த்தையிலிருந்து வந்தது.

சேன்-ஜான் தெருவில் 54-ம் நம்பர் கதவைத் தேடுங்க. பார்க்க சாதாரண வீட்டுக் கதவு. தள்ளினா உள்ளே நீளமான இருட்டு நடை, அப்புறம் ஒரு முற்றம், மறுபடி நடை, மறுபடி முற்றம். வரிசையா பல கட்டடங்களைக் கடந்து பூஃப் தெரு 27-ம் நம்பர்ல வெளிய வருவீங்க. பழைய லியோன்ல இதுதான் ரொம்ப நீளமான ட்ராபூல்.

சி.எஸ். ஆட்களுக்கு இது உடனே புரியும். ஏணியில நீளவாக்குல ரெண்டு கட்டை இருக்கு, நடுப் படிகள் இல்ல. படி ஒண்ணொண்ணா சேர்க்கச் சேர்க்க ரெண்டு புள்ளிக்கும் நடுவுல இருக்கிற குறுகிய பாதை சட்டுனு சின்னதாகுது. கிராஃப் தியரியில ஒரு எட்ஜ் சேர்க்கறது பேனாவால ஒரு கோடு. இங்கே ஒரு எட்ஜ் சேர்க்க, வீட்டுக்காரர் தன் வாசலை ஊருக்குத் திறந்து விடணும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் ஊரைப் பிடிச்சிருந்தப்போ எதிர்ப்பு இயக்கத்துக்காரங்களுக்கு இந்தப் பாதைகள் உதவின. உள்ளூர்க்காரனுக்குத் தெரிஞ்ச கிராஃப், வெளியாளோட மேப்ல கிடையாது!

இன்னைக்கும் அந்த முற்றங்களைச் சுத்தி ஜனங்க குடியிருக்காங்க. நூற்றுக்கணக்கான ட்ராபூல்ல சுமார் நாற்பது மட்டும் வெளியாட்களுக்குத் திறந்திருக்கு. பகல்ல மட்டும் போங்க, சத்தம் போடாதீங்க, ஜன்னலைப் போட்டோ எடுக்காதீங்க. நம்ம வீட்டு முற்றத்துல நாலு பேர் செல்ஃபி எடுத்தா நமக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் அவங்களுக்கும்.

இன்னொண்ணு. 1950-களில் இந்தப் பகுதி இடிஞ்சு, அழுக்காகி, இடிச்சுத் தள்ள வேண்டிய இடமாத்தான் பலருக்குத் தெரிஞ்சது. 1962-ல் பிரான்ஸ் கலாச்சார அமைச்சர் ஆந்த்ரே மல்ரோ பெயரால் வந்த சட்டம், தனிக் கட்டடத்தை மட்டுமில்லாம முழுப் பேட்டையையே பாதுகாக்க வழி செஞ்சது. 1964-ல் அந்தச் சட்டத்தின் கீழ் முதல்ல பாதுகாக்கப்பட்டது பழைய லியோன். 1998-ல் யுனெஸ்கோ பட்டியலுக்கும் வந்தது.

பாடம் 3: பம்ப் இல்லாம மலை ஏறின தண்ணி

பூஃப் தெருவிலிருந்து ஷஸோ படிக்கட்டு தொடங்குது. 228 படி. எண்ணிக்கிட்டே ஏறுங்க, கவனம் கால் வலியில போகாது. மேலே போனா ஒரு தோட்டப் பாதை, அதுக்கும் மேலே ஃபூர்வியேர் பேராலயம். 1872-ல் கட்ட ஆரம்பிச்சது. நாலு மூலையிலும் நாலு கோபுரம் நிக்கறதால ஊர்க்காரங்க இதைக் 'கவுந்து கிடக்கிற யானை'ன்னு கிண்டல் பண்ணுவாங்க. மொட்டை மாடி மாதிரி இருக்கிற வெளித் தளத்திலிருந்து ஊர் முழுக்கத் தெரியும். வானம் தெளிவா இருந்தா தூரத்துல மோன்-ப்ளான் சிகரமும் தெரியும்.

அங்கிருந்து கொஞ்சம் இறங்கினா ரோமானியத் திறந்தவெளி அரங்கங்கள். லுக்டூனும்ங்கற பேர்ல கி.மு. 43-ல் ரோமானியர்கள் இந்த ஊரை நிறுவினாங்க, அதுவும் கீழ ஆத்தங்கரையில இல்ல, மலை மேல. பெரிய அரங்கத்துல சுமார் 10,000 பேர் உக்காரலாம். கோடைக்காலத்துல இப்பவும் அங்கே நிகழ்ச்சிகள் நடக்குது.

இப்போ கேள்வி. மலை மேல ஊர், ரெண்டு ஆறும் 100 மீட்டருக்கு மேல கீழே. மின்சாரம் கிடையாது, மோட்டார் பம்ப் கிடையாது. குடிக்கக் குளிக்கத் தண்ணி எங்கிருந்து வந்துச்சு?

பதில்: இதைவிட உயரமான தூரத்து மலைகளிலிருந்து. நாலு கால்வாய் கட்டினாங்க. அதுல நீளமானது ஜியேர் கால்வாய், சுமார் 85 கி.மீ. சராசரிச் சரிவு கி.மீ.க்கு ஒரு மீட்டர் அளவுதான். லெவலிங் சர்வே எடுத்தவங்களுக்கு இது எவ்வளவு மெல்லிய சரிவுன்னு தெரியும்.

ஆனா நடுவுல பள்ளத்தாக்கு குறுக்கிடுது. சின்னப் பள்ளம்னா வளைவுப் பாலம் கட்டி அதுமேல தண்ணியைக் கொண்டு போகலாம். 100 மீட்டருக்கும் மேல ஆழம்னா? அவ்வளவு உயரமாக் கல் பாலம் எழுப்ப முடியாது. அங்கே அவங்க போட்டது தலைகீழ் சைஃபன். பள்ளத்தோட ஒரு கரையில தொட்டி. அதிலிருந்து மூடின ஈயக் குழாய்கள் கீழே இறங்கி, அடியில ஒரு தாழ்வான பாலத்தைக் கடந்து, எதிர்க் கரையில ஏறி, முதல் தொட்டியைவிடக் கொஞ்சம் தாழ்வான இன்னொரு தொட்டியில கொட்டும். தண்ணி தன் மட்டத்தைத் தேடும், அவ்வளவுதான்.

கணக்குப் போடுவோம். அழுத்தம் = அடர்த்தி × ஈர்ப்பு முடுக்கம் × உயரம். 1000 × 9.81 × 100 = 9,81,000 பாஸ்கல், கிட்டத்தட்ட 10 பார். கார் டயர்ல இருக்கிறதைப் போல நாலு மடங்குக்கு மேல. இதை ஈயக் குழாய் தாங்கணும். மெல்லிய சுவர் குழாய்க்கு நாம படிச்ச ஹூப் ஸ்ட்ரெஸ் சூத்திரம்: தேவையான தடிமன் = அழுத்தம் × விட்டம் ÷ (2 × தாங்கும் தகைவு). அதாவது விட்டம் கூடினா தடிமனும் அதே விகிதத்துல கூடணும். அதனால ஒரே பெரிய குழாய்க்குப் பதிலா பல சின்னக் குழாய்களைப் பக்கம் பக்கமா போட்டாங்க.

இதுல ஒரு சுவாரசியம். விட்டத்தை மூணுல ஒரு பங்காக்கினா அதே குறுக்குப் பரப்புக்கு 9 குழாய் வேணும். ஒவ்வொண்ணுக்கும் தடிமன் மூணுல ஒரு பங்கு, சுற்றளவும் மூணுல ஒரு பங்கு. பெருக்கினா ஈயம் ஒன்பதுல ஒரு பங்கு. 9 குழாய்க்கு மொத்த ஈயம் முன்ன இருந்த அதே அளவுதான்! அப்போ லாபம் எங்கே? மெல்லிய தகட்டை உருட்டி ஒட்டறது சுலபம். ஒரு குழாய் வெடிச்சாலும் மத்த எட்டு ஓடும். உராய்வு கூடும்ங்கறது இதுக்குக் கொடுக்கிற விலை. பொருளை மிச்சம் பிடிக்காட்டியும் ஒரு டிசைன் நல்ல டிசைனா இருக்கலாம்னு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

பாடம் 4: 1930, நவம்பர்

அரங்கத்திலிருந்து பழைய லியோனுக்குத் திரும்ப இறங்கறப்போ தெருவோரத்துத் தாங்கு சுவர்களைப் பாருங்க. தண்ணி வெளியேற விட்ட ஓட்டைகள் தெரியும். அந்த ஓட்டைக்குப் பின்னால ஒரு துக்கக் கதை இருக்கு.

1930 நவம்பர் 12 இரவு. தொடர் மழைக்குப் பிறகு, சேன்-ஜான் பகுதிக்கு மேல இருந்த மலைச் சரிவு வீடுகள் மேல சரிஞ்சது. மீட்க ஆட்கள் ஓடி வந்தாங்க. அவங்க வேலை செஞ்சுக்கிட்டு இருந்தப்பவே மறுபடியும் மண் இறங்கினது. சுமார் 40 பேர் இறந்தாங்க. அதுல 19 பேர் தீயணைப்பு வீரர்கள்.

மழை வருஷா வருஷம் பெய்யும். அந்த மலை ஏன் அன்னைக்குச் சரிஞ்சது? சாயில் மெக்கானிக்ஸ்ல முதல் யூனிட்டை எடுங்க. 1920-களில் டெர்சாகி சொன்னது: மண் துகள்கள் ஒண்ணை ஒண்ணு அழுத்தற பயனுறு தகைவு = மொத்தத் தகைவு − துளை நீர் அழுத்தம். மண்ணைப் பிடிச்சு வைக்கற உராய்வு, பயனுறு தகைவைப் பொறுத்தது. தண்ணி வெளியேற வழியில்லாம உள்ள தேங்கினா துளை நீர் அழுத்தம் ஏறும், பயனுறு தகைவு குறையும், உராய்வு குறையும். மண்ணோட எடை மட்டும் அப்படியே இருக்கும், சொல்லப்போனா கூடும். ஃபூர்வியேர் மலைக்குள்ள ரோமானியர் காலத்திலிருந்தே தோண்டின சுரங்க வடிகால்கள் நிறைய. யாரும் கவனிக்காம விட்டா அவை அடைச்சுக்கும். மேல நின்னு பார்க்கறவனுக்கு எதுவும் தெரியாது.

அதுக்குப் பிறகுதான் நகராட்சி இந்தச் சரிவுகளைக் கண்காணிக்க நிபுணர் குழுவை வச்சது. அந்தச் சரிவுகளுக்கு அங்கே 'பால்ம்'னு பேர். அங்கே எது கட்டணும்னாலும் மண்ணும் தண்ணியும் என்ன செய்யுதுன்னு முதல்ல பார்க்கணும். பழைய வடிகாலை மேப் போட்டு, சுத்தம் பண்ணி வைக்கற வேலைக்கு யாரும் திறப்பு விழா நடத்த மாட்டாங்க. ஆனா நம்மள்ல சிவில் படிச்ச சிலர் வாழ்க்கை முழுக்க அந்த வேலையைத்தான் செய்யப் போறோம். அது நடக்காத ஊர்ல என்ன ஆகும்னு அந்த 19 பேருக்குத் தெரியாமலே போச்சு.

பாடம் 5: கயிறு

இறங்க முட்டி வலிச்சா நடக்க வேண்டாம். அரங்கத்துக்குப் பக்கத்துல மினீம் நிறுத்தத்துல கேபிள் ரயில் இருக்கு. மெட்ரோ டிக்கெட்டே செல்லும். இதுக்கு ஊர்ப் பேர் 'ஃபிசெல்'. கயிறு, நூல்னு அர்த்தம். உலகத்திலேயே ஒரு நகரத்துக்குள்ள ஓடின முதல் ஃபனிக்குலர் 1862-ல் க்ருவா-ரூஸ் மலைக்கு ஏறினதுதான். அது 1967-ல் நின்னு போச்சு. அந்தச் சுரங்கத்துல இப்போ வண்டிகள் போகுது.

ஃபனிக்குலரோட அழகு என்னன்னா, ஒரே கேபிளோட ரெண்டு முனையில ரெண்டு பெட்டி. ஒண்ணு இறங்கறப்போ இன்னொண்ணு ஏறும். நம்ம கிணத்துல ரெண்டு வாளி கட்டி இறைக்கற மாதிரி. ஒரு கற்பனைக் கணக்கு: பெட்டி ஒண்ணு 10 டன். ஏறற பெட்டியில 70 கிலோ வீதம் 50 பேர், ஆக 3.5 டன். இறங்கற பெட்டியில 20 பேர், 1.4 டன். தனிப் பெட்டியா இருந்தா மோட்டார் 13.5 டன்னை இழுக்கணும். ஜோடியா இருந்தா பெட்டி எடை ரெண்டும் அடிபட்டுப் போய் வித்தியாசம் 2.1 டன் மட்டும்தான். கேபிள் எடையையும் உராய்வையும் விட்டுட்டா ஆறில் ஒரு பங்கு விசை போதும். இறங்கற கூட்டம் ஏறற கூட்டத்துக்கு உதவுது. இப்பத்திய எலெக்ட்ரிக் பஸ்ல பிரேக் போட்டா பேட்டரி சார்ஜ் ஆகுதே, அதே யோசனை, பேட்டரி இல்லாம.

பாடம் 6: ஓட்டை போட்ட அட்டை

கீழ வந்ததும் சோன் ஆத்துப் பாலத்தைக் கடந்து தெரோ சதுக்கத்துக்குப் போங்க. அங்கே நாலு குதிரை பூட்டின பெரிய நீரூற்று இருக்கு. செஞ்சவர் பார்தோல்டி, நியூயார்க் சுதந்திர தேவி சிலையைச் செஞ்ச அதே சிற்பி. அஞ்சு நிமிஷம் உக்காருங்க. ரெண்டாவது மலை காத்திருக்கு.

க்ரான்-கோத் ஏற்றம் வழியா மேலே போங்க. வழியில கோல்பேர் சதுக்கம் 9-ம் நம்பர்ல 'வொராஸ் முற்றம்'. ஆறு மாடி உயரத்துக்குத் திறந்த கல் படிக்கட்டு, வெளியே தெரியற மாதிரி. நெசவாளர்கள் பட்டுச் சுருளை மழையில நனைக்காம கீழே இருக்கிற வியாபாரிகிட்ட கொண்டு போக இந்தப் பக்கத்து ட்ராபூல்கள் உதவினன்னு சொல்வாங்க.

1536-ல் அரசர் முதலாம் பிரான்சுவா கொடுத்த சலுகைகளோட லியோன்ல பட்டு நெசவு வேர் பிடிச்சது. பூ, பறவைன்னு டிசைன் போட்ட பட்டு நெய்யறது அப்போ ரெண்டு பேர் வேலை. நெசவாளர் நாடாவை ஓட்ட, பக்கத்துல ஒரு உதவியாள், பெரும்பாலும் சின்னப் பையன், எந்தப் பாவு நூல் மேல வரணுமோ அதோட கயிறுகளை ஒவ்வொரு வரிசைக்கும் இழுக்கணும். 1725-ல் பூஷோன் ஓட்டை போட்ட காகிதச் சுருளை வச்சுப் பார்த்தார். 1728-ல் ஃபால்கோன் அதை அட்டைகளா மாத்தினார். 1740-களில் வோகான்சோன் தானியங்கியா ஆக்கப் பார்த்தார். லியோன்ல பிறந்த ஜோசஃப் மரி ஜக்கார்ட் இந்த யோசனைகளை ஒண்ணா சேர்த்து 1804-ல் ஒழுங்கா ஓடற கருவியாக் கொண்டு வந்தார்.

வேலை செய்யற விதம் சுலபம். ஒரு ஊடை இழைக்கு ஒரு அட்டை. அட்டையில ஓட்டை இருந்தா ஊசி உள்ளே போகும், கொக்கி தூக்கப்படும், அந்தப் பாவு நூல் மேல வரும். ஓட்டை இல்லேன்னா ஊசி தள்ளப்படும், நூல் கீழயே இருக்கும். 1 அல்லது 0. அட்டைகளைக் கோத்து மாலையாக்கினா அதுதான் ப்ரோக்ராம். மாலையை மாத்தினா அதே தறி வேற டிசைன் நெய்யும். வன்பொருளும் மென்பொருளும் இங்கே பிரியுது.

1839-ல் லியோன்ல ஜக்கார்டோட உருவத்தையே பட்டுல நெஞ்சாங்க, 24,000 அட்டைகளை வச்சு. ஒரு அட்டையில 1,000 இடம்னு எடுத்துக்கிட்டா 2.4 கோடி பிட், அதாவது 3 எம்.பி. உங்க போன்ல ஒரு போட்டோ அளவு. லண்டன்ல சார்லஸ் பாபேஜ் அந்தப் படத்துல ஒண்ணை வாங்கி வீட்டுல வச்சிருந்தார். தன் அனலிட்டிக்கல் எஞ்சினுக்கு அட்டை முறையை எடுத்துக்கிட்டார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் அட்டையிலதான் எண்ணினார். இதைப் பார்க்க லியோன் வரைக்கும் போகணும்னு கூட இல்ல. காஞ்சிபுரத்துல ஜக்கார்டு பெட்டி மாட்டின கைத்தறி வீட்டுக்குப் போனா தறிக்கு மேல அதே அட்டை மாலை தொங்கறதைப் பார்க்கலாம்.

இந்தக் கருவி உயரமானது. அதனால க்ருவா-ரூஸ் வீடுகளுக்கு சுமார் 4 மீட்டர் உயரக் கூரை, பெரிய பெரிய ஜன்னல். தெருவில நின்னு நிமிர்ந்து பாருங்க, கட்டடமே தறிக்காகக் கட்டினதுன்னு புரியும். சமையல், தூக்கம், குழந்தை எல்லாம் அதே அறையில, தறிச் சத்தத்துக்கு நடுவுல.

இந்த நெசவாளர்களுக்குக் 'கானு'ன்னு பேர். தறி அவங்களுது. பட்டும் டிசைனும் வியாபாரி கொடுப்பார், நெஞ்ச துணிக்கு இவ்வளவுன்னு ரேட்டும் அவரே சொல்வார். ரேட் இறங்கிக்கிட்டே போச்சு. 1831 அக்டோபர்ல குறைந்தபட்ச ரேட் ஒண்ணு பேசி முடிவாச்சு. சில வியாபாரிகள் கொடுக்க மறுத்தாங்க. நவம்பர்ல கானுகள் இந்த மலையிலிருந்து இறங்கி ஊரையே சில நாள் பிடிச்சு வச்சாங்க. ராணுவம் வந்தது, பேசின ரேட் ரத்தாச்சு. 1834-ல் மறுபடி எழுந்தாங்க. இந்தத் தடவை பீரங்கி பேசினது. ரெண்டு எழுச்சியிலயும் நூற்றுக்கணக்கில் உயிர் போச்சு.

'மெஷின் வந்துச்சு, வேலை போச்சு'ன்னு இதை ஒரு வரியில முடிச்சிடறது தப்பு. கானுகள் அந்த மெஷினைச் சொந்தமா வச்சிருந்தவங்க, அதை ஓட்டத் தெரிஞ்சவங்க. அவங்க கையில இல்லாதது ரேட் மட்டும்தான். இன்னைக்கு வண்டி உங்களுது, பெட்ரோல் உங்களுது, போன் உங்களுது, ஒரு டெலிவரிக்கு எவ்வளவுங்கறதை மட்டும் ஆப் சொல்லுது. ப்ளேஸ்மென்ட் முடிஞ்சு நம்மள்ல சில பேர் அந்த ரேட் போடற கோடை எழுதப் போறோம். க்ருவா-ரூஸ் சதுக்கத்துல ஜக்கார்ட் சிலை நிக்குது. அவரைப் பார்த்துட்டு, அந்த அட்டைக்கு அடியில உக்காந்து நெஞ்சவனையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கங்க.

திரும்பறதுக்கு முன்னாடி மலையோட கிழக்கு ஓரத்துல 'க்ரோ காயூ'வைப் பாருங்க. ஃபனிக்குலர் சுரங்கம் தோண்டறப்போ கிடைச்ச பெரிய பாறை. பனியாறு ஆல்ப்ஸிலிருந்து சுமந்து வந்து போட்டது. இறங்க சி லைன் மெட்ரோ. இதோட செங்குத்தான பகுதியில பல்சக்கரம் கடிச்சுத்தான் ரயில் ஏறுது, ஏன்னா இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்துல இவ்வளவு சரிவுக்குப் பிடிக்காது. ஒத்தெல் த வீல் நிறுத்தத்துல ஏ லைன், ஷார்பென்ல பி லைன், பார்-தியூ வந்துடும்.

கையில வச்சுக்க வேண்டியவை

விமானத்துல வந்து மாறறவங்க ஏர்போர்ட்டை விட்டு வெளிய வர ஷெங்கன் விசா வேணும். ஏர்போர்ட்டிலிருந்து பார்-தியூவுக்கு ட்ராம் சுமார் அரை மணி நேரம்.

கல் பாவின தெரு மழையில வழுக்கும். பிடிமானம் உள்ள ஷூ போடுங்க.

உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைக்கு 'பூஷோன்'னு பேர். மதியச் சாப்பாடு 12 மணியிலிருந்து 2 மணி வரைக்கும்தான். பெரும்பாலும் கறி, உள்ளுறுப்பு. சைவம்னா பேக்கரியில ரொட்டியும், சிவப்பு ப்ராலீன் போட்ட இனிப்பும் வாங்கிக்கங்க. ஹோட்டல்ல குழாய்த் தண்ணிக் குடுவை கேட்டா காசு கிடையாது.

டிசம்பர் 8-ஐ ஒட்டிப் போனா விளக்குத் திருவிழா. 1852-ல் மாதா சிலை திறப்பன்னைக்கு ஜனங்க ஜன்னல்ல ஏத்தின மெழுகுவத்தியில தொடங்கினது. அழகு அள்ளும், ஆனா கூட்டமும் அள்ளும். ஆறு மணி நேரக் கணக்கு அன்னைக்குச் செல்லாது.

செஞ்சு பாருங்க

1. உங்க ஊர்ப் பக்கத்து மலைக்கோ மலைக்கோயிலுக்கோ நைஸ்மித் கணக்குப் போட்டு, அப்புறம் ஏறிப் பாருங்க. எவ்வளவு நிமிஷம் வித்தியாசம்? படிக்கட்டுக்கு அந்த விதி சரியா வருதா?

2. சைஃபன்ல ஒரு பெரிய குழாய்க்குப் பதில் 9 சின்னக் குழாய் போட்டா உராய்வு இழப்பு எத்தனை மடங்கு கூடும்? ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நோட்டை எடுங்க.

3. ஒரு சேலை பார்டர்ல ஒரே டிசைன் 400 ஊடை இழைக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வருது. எத்தனை அட்டை வேணும்? 'லூப்'னா என்னன்னு ஜூனியருக்கு இதை வச்சே சொல்லிக் கொடுங்க.

4. டெலிவரி ரேட் போடற ஒரு ப்ரோக்ராம் உங்ககிட்ட வருது. தூரம், நேரம், டிமாண்ட் மூணும் இன்புட். நாலாவதா ஒரு இன்புட் சேர்க்கலாம்னா எதைச் சேர்ப்பீங்க, அதை யார்கிட்ட கேட்டு முடிவு பண்ணுவீங்க?

முதல் மூணுக்கும் விடை அடுத்த இதழ்ல. நாலாவதுக்கு உங்க விடையை எழுதி அனுப்புங்க.